தாத்தாவுக்கு ஒரு காகித மோட்டார் சைக்கிள்

"தோவான் வான் கியெம். ஆண். குடும்பத் தலைவர். தொழில்: சுயதொழில். குடும்ப உறுப்பினர்களை வழிநடத்துபவர். அவர்கள் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்புடையவர்."

ஹனோய்க்குத் தெற்கே, 'நாம் தின்' என்னும் நகரத்தில் என் அக்கா வீட்டு அலமாரியில் கிடந்த குடும்பப் பதிவுப் புத்தகம் இப்படித்தான் சொல்லிற்று. இப்போது அந்தப் புத்தகமே செல்லாது. எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. செல்லும் காலத்திலும் அதில் எழுதியிருந்தவற்றுள் 'ஆண்' என்பதைத் தவிர மற்றவை விவாதத்துக்குரியவை என்றே நினைக்கிறேன்.

கியெம் என் அக்கா லியூவின் கணவர். அக்கா சந்தையில் கொசுவலையும் போர்வையும் மொத்த விலைக்கு விற்பவள். அத்தான் அந்தப் போர்வைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் கிராமத்துக் கடைகளில் இறக்குவார். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அவருக்குப் பின்னால் ஒரு கட்டிலும் மெத்தையும் எழுந்து நடந்து வருவதுபோல் இருக்கும் அந்தச் சவாரி. எந்தக் கடைக்கு எத்தனை, எந்த வழியாக, எங்கே நின்று டீ குடிக்கலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் அக்கா சொல்வாள். எந்தச் சட்டை என்பதும். ஒருமுறை வார்டு அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க வந்த இளைஞன் வாசலில் நின்று, "குடும்பத் தலைவர் இருக்காரா?" என்று கேட்டான். மீன் கழுவிக்கொண்டிருந்த அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "தலைவர் கடைக்குப் போயிருக்காங்க தம்பி, சாயந்திரம்தான் வருவாங்க" என்றார். கிண்டல் ஒன்றுமில்லை. உள்ளதைச் சொன்னார்.

அவரைப் பற்றிப் பரிதாபப்பட வேண்டாம். நானும் ஆரம்பத்தில் பட்டேன். பிறகு கவனித்தேன்: எங்கள் குடும்பத்தில் இரவில் நன்றாகத் தூங்குகிற ஒரே ஆள் அவர்தான். முடிவு எடுக்கிறவர்களுக்குத்தான் முதுகுவலி, வாயுத்தொல்லை எல்லாம்.

நான் சொல்லவந்தது இரண்டாயிரத்துப் பதினைந்து ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி. அப்போது கல்லூரியில் சேரும் வயதில் பிள்ளை வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் ஹனோயில் சந்தித்துக்கொண்டால், "நீங்க அந்த வருஷமா?" என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஒரே வெள்ளத்தில் படகேறித் தப்பியவர்கள் மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளம் வந்த நாட்களில் சபித்த அத்தனை பேருக்கும் இப்போது அது ஏக்கமாக இருக்கிறது. எனக்கும்தான்.

அந்த ஒரு வருடம் கல்லூரிச் சேர்க்கை விதி இப்படி. முதலில் தேர்வு மதிப்பெண் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் மதிப்பெண் தாளை ஒரே ஒரு கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கல்லூரி சில நாட்களுக்கு ஒருமுறை பட்டியல் ஒட்டும்: இத்தனை இடம், இதோ இந்த வரிசையில் இத்தனை பேர். உன் பெயர் இடம் தீர்கிற கோட்டுக்குக் கீழே போய்விட்டால் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கல்லூரிக்கு ஓடலாம். மேலே இருந்தாலும் பயந்து ஓடலாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிவரை இந்த ஓட்டத்துக்கு அனுமதி உண்டு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. நடைமுறையில் ஒரு நாட்டின் அத்தனை அப்பா அம்மாக்களும் பங்குச்சந்தையில் இறங்கியதுபோல் ஆகிவிட்டது. போட்ட மூலதனம் பிள்ளைகள்.

மோ, அக்காவின் ஒரே மகள், முப்பதுக்கு இருபத்திரண்டரை வாங்கியிருந்தாள். நல்ல மதிப்பெண்தான். கெட்டிக்காரத்தனத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் தொங்குகிற மதிப்பெண். இருபத்தேழு வாங்கியவன் கவலைப்பட வேண்டாம். பதினெட்டு வாங்கியவன் கவலைப்பட்டுப் பயனில்லை. கவலை முழுவதும் இருபத்திரண்டரைகளுக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது.

அக்கா மருந்தாளுநர் படிப்புதான் என்று தீர்மானித்திருந்தாள். "மழையா வெயிலா, சனங்களுக்குச் சளி பிடிக்காம இருக்குமா? போர்வை வாங்காதவன்கூட மாத்திரை வாங்குவான்." மோ சரி என்றாள். அந்தப் பெண் எதற்கும் சரி என்பாள். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை.

தேர்வு மாதத்திலேயே அந்த வீட்டுக்குள் வாழைப்பழம் நுழையத் தடை வந்துவிட்டது; வழுக்கும். முட்டை கூடாது, உருண்டை, அதாவது பூஜ்யம். விண்ணப்பம் முடியும்வரை தடை நீடிக்கும் என்று அக்கா அறிவித்தாள். அத்தான் ஹனோயில் என் வீட்டுக்கு வந்தால் முதல் காரியமாகச் சமையலறையில் நின்றபடி இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவார். தோலை என் குப்பையில் போடமாட்டார். பையில் சுற்றித் தெருமுனைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். அக்கா இருப்பது தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

எல்லாவற்றுக்கும் மேல், முன்னோர்களுக்குத் தகவல் சொல்லும் வேலை.

எங்கள் வீடுகளில் பூசைமாடத்தின் முன் ஊதுபத்தி ஏற்றி, போனவர்களிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால், தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம். பொத்தாம்பொதுவாக 'பிள்ளைக்கு நல்லது பண்ணுங்க' என்றால் யார் பிள்ளைக்கு, எந்த ஊரில் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அத்தான்தான் வீட்டின் மூத்த மகன். மாடத்தில் இருப்பவர் அவருடைய அப்பா. ஆகவே சொல்ல வேண்டிய வாய் அவருடையது. சொல்ல வேண்டிய வாக்கியம் அக்காவுடையது. அவர் கைகூப்பி நிற்பார். அவள் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பாள்.

"தேர்வு எண்ணைச் சொல்லுங்க."

சொல்வார்.

"காலேஜ் பேரு. தெரு. வாசல் ரெண்டு இருக்கு, பஸ் ஸ்டாப் பக்கத்து வாசல்னு சொல்லுங்க. அந்தப் பக்க வாசல்ல போய் நின்னுட்டாருன்னா?"

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. கிழவர் உயிரோடு இருந்த காலத்தில் ஆற்றுத்துறையில் படகு தள்ளியவர். ஹனோய்க்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை வந்தார். பேருந்து நிலையத்தில் வழி தெரியாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிப் போய், "ஊரு மூடியிருந்துச்சு" என்று சொன்னவர். பேத்தியின் உயர்கல்வி அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது.

மருந்துக் கல்லூரியின் முதல் பட்டியலில் மோ கோட்டுக்கு மேலே இருந்தாள். இரண்டாவதில் கீழே. அக்கா போனில் உத்தரவிட, அத்தானும் மோவும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வங்கிப் படிப்புக் கல்லூரிக்குப் போய்க் கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டு மாடத்தில் திருத்தம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் வங்கிக் கல்லூரியிலும் கோடு ஏறி அவள் பெயரை மிதித்துக்கொண்டு போயிற்று. அத்தான் ஊருக்கும் ஹனோய்க்குமாக மோட்டார் சைக்கிளிலேயே அலைந்தார். முன்பு போர்வை இருந்த இடத்தில் இப்போது மகள்.

இந்தக் கட்டத்தில்தான் அக்காவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "நாம வண்டியில ஓடுறோம். உங்கப்பா நடந்துல்ல வரணும்? மருந்துக் காலேஜ்லேர்ந்து வங்கிக் காலேஜ் எவ்வளவு தூரம்! பாவம், அவர் வந்து சேர்றதுக்குள்ள நாம கிளம்பிடுறோம். அதான் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

சந்திர நாட்காட்டியில் ஏழாவது மாதம் அது. போனவர்களுக்குக் காகிதப் பொருள் எரித்து அனுப்புகிற மாதம். கடைத்தெரு முழுக்கக் காகித வீடு, காகிதச் சட்டை, காகிதக் கைப்பேசி. அக்கா மாமனாருக்கு ஒரு காகித மோட்டார் சைக்கிள் வாங்கினாள். சிவப்பு நிறம், நல்ல ஜப்பான் வண்டி மாதிரியே. கொல்லையில் எரிக்கப் போகும்போது நிறுத்தினாள்.

"ஹெல்மெட்?"

"அவருக்கு எதுக்கு ஹெல்மெட்? அவர் செத்துப்போயிட்டாரே" என்றார் அத்தான்.

"போலீஸ் பிடிச்சு ஓரங்கட்டிட்டா? கடைசி நாள் அஞ்சு மணிக்கு அவர் ஸ்டேஷன்ல நிப்பாரா, காலேஜ்ல நிப்பாரா?"

காகித ஹெல்மெட்டும் வந்தது. அவருக்கு ஓட்டத் தெரியாதே என்று அத்தானுக்குத் தோன்றியிருக்கிறது. கேட்கவில்லை. என்னிடம் பிற்பாடு சொன்னார்: "ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா டிரைவரையும் சேர்த்து எரிச்சிருப்பா, மச்சான்."

மூன்றாவதாக, போக்கிடம் தெரியாத இடைவெளியில், மோவின் தாள் பாலம் கட்டும் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா அதற்கு ஒப்புக்கொண்டது தற்காலிகமாகத்தான். "ரெண்டு நாள் அங்க கெடக்கட்டும். வண்டியை நிழல்ல நிறுத்துற மாதிரின்னு வெச்சுக்க. நல்ல இடம் காலியாச்சுன்னா எடுத்துடலாம்." மாடத்தில் இந்த இடம் அறிவிக்கப்படவில்லை. தற்காலிக ஏற்பாடுகளுக்காகப் பெரியவரை அலைக்கழிக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிழவரின் படகுத்துறையை மூடியதே ஒரு பாலம்தான். பாலம் திறந்த அன்றைக்கு ஊரே கொடி பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்தது. அவர் கீழே படகில் உட்கார்ந்து துப்பினார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அத்தான் போர்வை இறக்க வேண்டியிருந்ததால் ஊருக்குப் போனார். மோ என் வீட்டில் தங்கினாள். அத்தான் மறுநாள் விடியுமுன்பே கிளம்பி, அக்கா எழுந்திருக்காத நேரத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் ஹனோய் வந்து சேர்ந்தார். நான் பாடநூல் அலுவலகத்தில் பிழைதிருத்துகிறவன். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு போனேன். உதவி செய்ய என்று சொன்னேன். வேடிக்கை பார்க்க என்பதே உண்மை.

அந்தக் கல்லூரி முற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மரநிழலில் பாய் விரித்துப் படுத்த அம்மாக்கள். விசிறிக்கு அட்டை. ஐஸ் தேநீர் விற்கும் பெண்கள் நடுவே புகுந்து புகுந்து போனார்கள். பிளாஸ்டிக் முக்காலிகள், சூரியகாந்தி விதைத் தோல், உருகிப்போன தார். யாரோ ஒருவருக்குத் தெரிந்த யாரோ உள்ளே வேலை பார்ப்பதாகச் சொன்னால் அவரைச் சுற்றி உடனே ஒரு கூட்டம். ஒலிபெருக்கி கரகரத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள்; "வண்டிகளை வாசலை மறைச்சு நிறுத்தாதீங்க" என்பது கேட்டதும் உட்கார்ந்துகொள்வார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒட்டரிசிச் சோற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிட்டுக்கொண்டே எதிராளியின் பிள்ளை என்ன மதிப்பெண் என்று விசாரித்தார்கள். தன் பிள்ளையைவிடக் கூட என்றால் இன்னும் கொஞ்சம் சோறு வைத்து, "உங்க பையனுக்கு இன்னும் நல்ல காலேஜே கெடைக்குமே, இங்க எதுக்கு?" என்று அன்பாகச் சொல்வார்கள். இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் விரலால் தட்டி விருப்ப வரிசையை மாற்றிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். பெற்றோர் பக்கத்து அறையில் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். அன்று ஊர்கூடிப் பயந்தோம்; அதில் ஒரு திருவிழாக் களை இருந்தது.

மதியப் பட்டியல் ஒட்டினார்கள். மோ கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவளும் இன்னும் சிலரும் ஒரே மதிப்பெண்ணில், கடைசி இடங்களில். இருபத்திமூன்று வாங்கிய ஒரு சின்னக் கூட்டம் கடைசி நேரத்தில் வாசலில் நுழைந்தால் அவள் வெளியே.

அத்தான் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மூன்று ஐஸ் தேநீர் சொன்னார். பிறகு, வானிலை விசாரிப்பதுபோல், மகளைக் கேட்டார்.

"உனக்கு எதுல சேரணும்?"

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா சொல்றது எனக்குத் தெரியும். தெரியாததைத்தானே கேக்க முடியும்."

மோ தேநீரில் ஐஸ் கட்டியை விரலால் அழுத்தி அழுத்தி விட்டாள். "சிரிக்கக் கூடாது."

"நான் எப்ப சிரிச்சேன்?"

"மாமா சிரிப்பாரு."

நான் சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

"இங்கயே இருக்கலாம்ப்பா. பாலம்." கொஞ்சம் நிறுத்தி, "தாத்தா அந்தப் பாலம் விழும் விழும்னே சொல்லிக்கிட்டிருந்தாரு இல்ல? தினமும் என்னைக் கூட்டிட்டுப் போயி அடியில நின்னு காட்டுவாரு, இங்க விரிசல், அங்க விரிசல்னு. எனக்கு அது நெசமா விழுமா, விழாதான்னு தெரிஞ்சுக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. "அதை ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

"ம்" என்றார். "நானும் கேக்கல."

மூன்று மணி சுமாருக்கு அக்காவின் போன். அத்தானின் பழைய கைப்பேசியில் யார் பேசினாலும் பத்தடிக்குக் கேட்கும். அக்கா பேசினால் இருபதடி.

"ஏங்க, கேளுங்க! சந்தையில துணிக்கடைக்காரி மருமகன் சொன்னாரு, வங்கிக் காலேஜ்ல எல்லாரும் பயந்து பேப்பரை எடுத்துட்டாங்களாம். கோடு சரசரன்னு எறங்குதாம். ஒடனே அங்கேர்ந்து எடுத்துட்டு ஓடுங்க. இப்ப கெளம்புனா நாலரைக்குள்ள போயிடலாம்."

முற்றத்தில் ஏற்கெனவே ஓட்டம் தொடங்கியிருந்தது. எங்களைச் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் ஒரு துணிக்கடைக்காரி மருமகன் இருந்தார் போலும். தாளைத் திரும்ப வாங்கும் ஜன்னலில் வரிசை மரம்வரை நீண்டிருந்தது. வெளியே, இந்த நகரத்தின் மூன்று மணிப் போக்குவரத்து. வாங்கிவிட்டு அங்கே போய்ச் சேர முடியாவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. வாங்காமல் இங்கே இருந்து கோடு ஏறினாலும் அதே கதி. ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். அக்கா அவளைக் கடையில் உட்காரவைத்துவிடுவாள். போர்வைக் கடையில் உட்கார்ந்த பெண் எழுந்து படிக்கப்போன சரித்திரம் எங்கள் சந்தையில் இல்லை.

"லியூ," என்றார் அத்தான்.

"என்ன?"

"இங்கயே விட்டுடலாம்."

சந்தை இரைச்சலைத் தாண்டி அக்காவின் குரல் வந்தது. மிகவும் மெதுவாக: "யாரு சொன்னா?"

எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"எந்த அப்பாகிட்ட?"

"எங்கப்பாகிட்ட. காலைல கெளம்புறப்ப ஊதுபத்தி ஏத்தி சொல்லிட்டேன். இந்தக் காலேஜ், இந்தத் தெரு, இந்த வாசல். இதுதான் கடைசி, இனிமே மாத்தமாட்டோம்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"நீ தூங்கிக்கிட்டிருந்தே."

"ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? பாலத்தால சோத்தை இழந்த மனுஷன்! அவரைக் கொண்டுபோயி பாலம் கட்டுற காலேஜ் வாசல்ல நிக்க வெக்கிறீங்களே, அவர் நிப்பாரா?"

"நிப்பாரு. பேத்திக்காக நிப்பாரு."

"பொண்ணு வெயில்ல ஹெல்மெட் மாட்டிக்கிட்டு பாலத்து மேல நின்னா எவன் வந்து கட்டிக்குவான்?"

"அவனும் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு வருவான்."

எங்கள் ஊரில் மனிதர்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றலாம். சந்தைக்காரர்களுக்கு அதுதான் தொழிலே. ஆனால் மாடத்தின் முன் 'இதுதான் கடைசி' என்று சொல்லிவிட்டு மாற்றினால் அப்புறம் அந்த வீட்டுச் சொல்லுக்கு மேலுலகத்தில் மரியாதை கிடையாது. அக்கா இதை அத்தானைவிட நன்றாக அறிந்தவள். மாடத்தில் இருப்பவர்கள் அவருடைய முன்னோர், சொன்னது அவர் வாய், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடிமானமே இல்லாத ஒரே இடத்தில் போய் அவர் நின்றுகொண்டார்.

கடைசியில் அக்காவின் குரல், பாதியாகச் சுருங்கி, வந்தது. "பஸ் ஸ்டாப் பக்கத்து வாசலா, அந்தப் பக்கமா? சரியாச் சொன்னீங்களா?"

"சரியாச் சொன்னேன்."

"சரி. அவ எதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அத்தான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. நெசமா தாத்தாகிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொன்னேன்? இருட்டுல செருப்பைத் தேடுறதுக்கே நேரம் சரியாப்போச்சு." வியர்வையைத் துடைத்தார். "வீட்டுக்குப் போயி சொல்லணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நாமதான் நிக்கணும்."

பிறகு அந்த நேரம் இருந்ததே! பட்டியலில் கீழே நின்றவர்கள் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். மேலே நின்றவர்களும் ஓடினார்கள். வேறு கல்லூரிகளிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தவர்கள் வியர்க்க விறுவிறுக்க வாசலில் நுழைந்தார்கள். ஒவ்வொரு தடவை வாசலில் ஒரு தாயும் பிள்ளையும் தெரியும்போதும் நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மதிப்பெண் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க முயன்றேன். கண்ணாடி போட்டவர்களைக் கண்டால் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டேன். பக்கத்தில் ஹாய் ஸுவாங்கிலிருந்து வந்திருந்த ஒரு தச்சர் அத்தானை உலுக்கினார்: "என்னண்ணே உக்காந்துட்டீங்க? எல்லாரும் எடுக்குறாங்களே! நானும் எடுக்கப் போறேன்."

"உங்க பையன் எவ்வளவு?"

"இருபத்திரண்டரை."

"போயிட்டு வாங்க" என்றார் அத்தான், உண்மையான மரியாதையோடு. தச்சர் போனார். ஒரு ஆள் குறைந்தது.

நான்கரைக்குமேல் ஒருமுறை அத்தான் பாதி எழுந்தார். முட்டியில் கை வைத்து, ஜன்னல் வரிசையைப் பார்த்தபடி. அந்த அரை எழுச்சியில் அவருடைய மொத்த இல்லறமும் தெரிந்தது. தேநீர்க்காரி, "இன்னொண்ணு ஊத்தட்டுமா, அண்ணே?" என்றாள். "ஊத்தும்மா" என்று மறுபடி உட்கார்ந்தார்.

ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வண்டியைத் தேடினார்கள்.

முடிவு வந்தபோது கோடு இருபத்திரண்டரையில் நின்றிருந்தது. மோ உள்ளே. வங்கிக் கல்லூரியில் கடைசி நேரத்தில் எல்லா மருமகன்களும் போய்ச் சேர்ந்ததால் அங்கே கோடு ஏறிவிட்டது. இது அத்தானின் சாமர்த்தியம் என்று சொல்ல வழியில்லை. வேறு ஒரு கூட்டம் வேறு வாசலில் நுழைந்திருந்தால் இந்தக் கதையை நான் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டேன்.

அக்கா தெரு முழுக்கப் பயறு போட்ட ஒட்டரிசிச் சோறு கொடுத்தாள். மாமனாருக்கு நன்றியாக ஒரு காகிதப் பெட்ரோல் டின் எரித்தாள். இன்றுவரை சந்தையில் அவள் சொல்லும் கதை வேறு: பாலத்தை வெறுத்த மனுஷன், பேத்திக்காகத் தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு, புது வண்டியில் ஹெல்மெட்டோடு போய், பஸ் நிறுத்தத்துப் பக்க வாசலில் ஐந்து மணிவரை நின்றார். சொல்லும்போது கண் கலங்குவாள். பக்கத்தில் போர்வை கட்டிக்கொண்டிருக்கும் அத்தான் தலையாட்டுவார். அவள் முன்னால் அவர் இன்னும் வாழைப்பழம் சாப்பிடுவதில்லை. தடை எப்போதோ நீங்கிவிட்டது, பழக்கம் போகவில்லை. மோ இப்போது கடற்கரை மாவட்டங்களில் பாலங்களுக்கு அடியில் படகில் போய் விரிசல் பார்க்கிறாள். ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்தும்விட்டான். அவனை அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்பது தனிக் கதை. தாத்தாவின் பாலம் விழாது என்று மோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பதிவுப் புத்தகம் செல்லாது என்று அறிவித்த வருடம், வார்டு அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க அத்தானோடு நானும் போனேன். அலுவலர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "குடும்பத் தலைவர் நீங்கதானா?" என்று கேட்டார். அத்தான் வழக்கம்போல் பதிலுக்கு ஆள் தேடி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்றால் இதை வைத்துத்தான்.

அந்த ஆகஸ்ட் பிற்பகலில் கியெம் தன் மகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். மனைவியிடம் ஒரு பொய் சொன்னார். ஐந்து மணிவரை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அக்கா சந்தைக்குப் போன பிறகு, மாடத்தின் முன் ஊதுபத்தி ஏற்றி, நடந்ததை அப்பாவிடம் சொன்னார்.